கடை லாபத்தில் கிரிக்கெட் அணி வாங்கலாமா?

கேள்வி: நானும் தம்பியும் ஈரோட்டில் 3 ஃபாஸ்ட் ஃபுட் கடைகள் நடத்துகிறோம். பர்கர், ஃப்ரைட் சிக்கன், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்தான் முக்கிய அயிட்டங்கள். மூன்றும் சேர்ந்து மாதம் 24 லட்சம் வியாபாரம். செலவு போக 4 லட்சம் கையில் நிற்கிறது. எங்கள் பக்கம் புதிதாக ஒரு டி20 லீக் வருகிறது. ஆண்டுக்கு 12 லட்சம் வீதம் 3 ஆண்டு ஒப்பந்தம் போட்டால் ஓர் அணி தருகிறார்கள். வீரர்கள் செலவு நம்முடையது. வீட்டுப் பத்திரத்தை வைத்து 20 லட்சம் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். மெக்டொனால்ட்ஸ் ரே கிராக்கும் பேஸ்பால் அணி வைத்திருந்தாரே, அதனால் கடைக்குப் பெயர் வந்திருக்கும்தானே? கடைக்குக் கடை ருசி மாறுகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுதான் இப்போதைக்கு ஒரே குறை. உங்கள் யோசனை என்ன?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: இந்த ஆண்டு வாங்காதீர்கள். வீட்டுப் பத்திரத்தை எந்த ஆண்டும் இதற்காக வெளியே எடுக்காதீர்கள். ஆசை தவறில்லை. ஆனால் நீங்கள் முன்னுதாரணமாகக் காட்டும் மனிதரின் கணக்கும் உங்கள் கணக்கும் அடிப்படையிலேயே வேறு. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ரே கிராக் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையை இலினாய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸில் திறந்தது 1955 ஏப்ரல் 15 அன்று. சான் டியாகோ பாட்ரெஸ் பேஸ்பால் அணியை வாங்கியது 1974-ல், 71 வயதில். நடுவே 19 ஆண்டுகள். அந்த 19 ஆண்டுகளில் பணம் எந்த வழியாக வந்தது என்பதுதான் உங்களுக்கான பாடம்.

1954-ல் அவர் மில்க் ஷேக் மெஷின் விற்கும் வியாபாரி. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரே கடையில் அவருடைய மெஷின்கள் 8 ஓடுகின்றன என்று கேள்விப்பட்டு நேரில் போனார். ஒரு மெஷினில் ஒரே நேரத்தில் 5 ஷேக் கலக்கலாம். அப்படியானால் அந்தக் கடை ஒரே சமயத்தில் 40 ஷேக் போடுகிறது. கடை மெக்டொனால்டு சகோதரர்களுடையது. அவர்களிடம் கிளை உரிமை கொடுக்கும் அதிகாரத்தை வாங்கினார். ஒப்பந்தம் மிகக் கஞ்சத்தனமானது: கிளை எடுப்பவர் நுழைவுக் கட்டணமாக 950 டாலர் தருவார், பிறகு விற்பனையில் 1.9 சதவீதம். அதிலும் 0.5 சதவீதம் சகோதரர்களுக்குப் போய்விடும்; கிராக்குக்கு மிஞ்சுவது 1.4. ஒரு கடை ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் விற்றால் அவருக்கு வருவது 2,800 டாலர். அதிலேதான் கடைகளைச் சுற்றிப் பார்க்கும் ஆட்களின் சம்பளம், அலுவலகம், போக்குவரத்து எல்லாம். கடை பெருகப் பெருக அவர் கை இறுகிக்கொண்டே வந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் நிதி விவகாரம் பார்த்த ஹாரி சான்னபார்ன். 1956-ல் தனியாக ஒரு நில நிறுவனம் தொடங்கினார்கள். கடைக்கான இடத்தை நிறுவனமே நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கும், அல்லது வாங்கும். கிளைக்காரருக்கு அதை உள்வாடகைக்கு விடும். குறைந்தபட்ச வாடகை, அல்லது விற்பனையில் ஒரு சதவீதம், எது அதிகமோ அதை அவர் தர வேண்டும். அந்தச் சதவீதம் 5 என்று வைத்துக்கொண்டால் அதே 2 லட்சம் டாலர் கடையிலிருந்து 10,000 டாலர் வரும். இறைச்சி விலை ஏறினாலும் சம்பளம் கூடினாலும் அந்த வாடகை குறையாது. கிளைக்காரர் சுத்தத்தையோ தரத்தையோ கைவிட்டால் இடமே நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

1961-ல் சகோதரர்களிடமிருந்து பெயர் உட்பட எல்லா உரிமையையும் 27 லட்சம் டாலருக்கு வாங்கினார்; கையில் பணமில்லாமல் கடன் திரட்டித்தான். 1965-ல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். அதற்கும் 9 ஆண்டு கழித்துத்தான் அணி. பாட்ரெஸுக்கு அவர் கொடுத்த 1.2 கோடி டாலர் அவருடைய பங்குச் சொத்தில் ஒரு சிறு பகுதி. அணி மொத்தமாக நஷ்டமானாலும் ஒரு கிளையின் அடுப்புகூட அணையாது.

கடைக்குப் பெயர் வந்திருக்கும்தானே என்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. 1974-ல் மெக்டொனால்ட்ஸை அமெரிக்கா முழுக்கத் தெரியும்; பாட்ரெஸைத்தான் யாரும் சீந்தவில்லை. அணி வாஷிங்டனுக்கு இடம் மாறப்போகிறது என்று, ரசிகர்கள் சேகரிக்கும் வீரர் பட அட்டைகளே அச்சாகியிருந்தன. கிராக் வாங்கி ஊரிலேயே நிறுத்தியதும் கூட்டம் திரும்பியது. அந்த ஆண்டு அணி 102 ஆட்டங்களில் தோற்றும், வந்தவர்கள் எண்ணிக்கை முதல் முறையாக 10 லட்சத்தைத் தாண்டியது. ஆக, கடை சம்பாதித்த பெயர்தான் அணிக்கு உதவியது. உங்கள் கடையைத் தெரியாத ஊர்க்காரர் ஒருவர் புது அணியின் சட்டையில் அதன் பெயரைப் பார்த்து மறுநாள் பர்கர் வாங்க வருவார் என்று எண்ண ஆதாரமில்லை.

முதலாளியாக அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974 ஏப்ரல் 9, சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். அணி மோசமாக ஆடிக்கொண்டிருந்தபோது மைதான மைக்கை வாங்கி, இவ்வளவு முட்டாள்தனமான ஆட்டத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ரசிகர்கள் முன்னால் சொல்லிவிட்டார். இரு அணி வீரர்களும் கொதித்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 1979-ல் வேறு அணிகளோடு ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு வீரர்கள் மீது தனக்கு ஆர்வம் உண்டு என்று வெளிப்படையாகப் பேசினார். பேஸ்பால் ஆணையர் 1 லட்சம் டாலர் அபராதம் போட்டார். வெறுத்துப்போய் நிர்வாகத்தை மருமகன் பாலர்ட் ஸ்மித்திடம் விட்டு ஒதுங்கினார். சமையலறையில் அவருக்குப் பலம் கொடுத்த குணம், சரியில்லாததை அந்த இடத்திலேயே கண்டிப்பது. மைதானத்தில் அதுவே அவரைக் கடித்தது. 3 கடையையும் தம்பியோடு நீங்களே நடத்துகிறீர்கள்; அதே குணம் உங்களுக்கும் இருக்கலாம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கிராக் 1984 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு பாட்ரெஸ் முதல் முறையாக பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸுக்கு வந்தது, சட்டைக் கையில் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு. எதிரணி டெட்ராய்ட் டைகர்ஸ், அதன் முதலாளி டோமினோஸ் பீட்சாவின் டாம் மோனகன். டைகர்ஸ் 4–1 என்று வென்றது.

மோனகன் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1960-ல் அண்ணன் தம்பி இருவராகக் கடன் வாங்கி மிச்சிகனின் இப்சிலான்டியில் ஒரு பீட்சா கடை எடுத்தார்கள். தம்பி சீக்கிரமே விலகினார். ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் காரை வாங்கிக்கொண்டு தன் பங்கை விட்டுக்கொடுத்தார். ஆள் பற்றாக்குறையான ஓர் இரவில் 6 அங்குல பீட்சாவை நிறுத்திப் பார்த்தபோதுதான் மோனகனுக்கு லாபத்தின் இடம் தெரிந்தது: சின்ன பீட்சாவுக்கும் பெரிய பீட்சாவுக்கும் போடும் நேரமும் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரமும் ஒன்றே, வரவு மட்டும் குறைவு. (உங்கள் மெனுவிலும் அப்படிப்பட்ட அயிட்டம் ஒன்றாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.) 1970 வாக்கில் வேகமாகக் கிளை பரப்பிக் கடனில் மூழ்கி, கம்பெனி வங்கியின் கைக்குப் போய், பிறகு மீண்டது. 1983-ல் 5.3 கோடி டாலருக்கு டைகர்ஸை வாங்கினார். அடுத்த ஆண்டே கோப்பை. ஆனால் பழங்காலக் கார்கள், கட்டடக்கலைப் பொருள்கள் என்று கவனமும் பணமும் பல பக்கம் சிதறின. 1991-ல் கம்பெனியைத் தூக்கி நிறுத்தத் திரும்பி வந்தவர், 1992-ல் டைகர்ஸை 8.5 கோடி டாலருக்கு விற்றார்.

வாங்கியவரும் பீட்சாக்காரர்தான்: லிட்டில் சீசர்ஸ் நிறுவனர் மைக் இலிட்ச். மூவரில் நீங்கள் பார்த்துக் கற்க வேண்டியவர் இவர் என்பேன். இளவயதில் டைகர்ஸின் கீழ்நிலை அணிகளில் ஆடி, முழங்கால் காயத்தால் நின்றவர். 1959-ல் மனைவி மரியனோடு முதல் கடை. 23 ஆண்டு கழித்து, 1982-ல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஐஸ் ஹாக்கி அணியை 80 லட்சம் டாலருக்கு வாங்கினார். ரசிகர்களே செத்த அணி என்று கேலி செய்த காலம். முதலில் ஆட்டம் தெரிந்த ஜிம் டெவெலானோவை நிர்வாகியாக வைத்து, வீரர் தேர்வை அவரிடம் விட்டார். இருக்கை நிரம்பாத அந்த முதல் பருவத்தில் சொந்த மைதான ஆட்டங்களில் கார் பரிசு கொடுத்துக் கூட்டத்தை வரவழைத்தார். 1983-ல் ஸ்டீவ் ஐசர்மேன் என்ற 18 வயதுப் பையனை எடுத்தார்கள். ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை வந்தது 1997-ல்! 15 ஆண்டு காத்திருக்கும் வலு பீட்சா கடைகளிடம் இருந்தது. இத்தனைக்கும் டைகர்ஸை வைத்து அவரால் வேர்ல்டு சீரிஸ் வெல்லவே முடியவில்லை. 2003-ல் அந்த அணி 119 ஆட்டம் தோற்றது. கணக்கிலும் ஒழுங்கு இருந்தது: சூதாட்டத் தொழிலில் அணி முதலாளிக்குப் பங்கு இருக்கக் கூடாது என்ற பேஸ்பால் விதிக்காகக் குடும்பத்தின் காசினோ மனைவி பெயரில் தனியாக நின்றது.

இப்போது உங்கள் கணக்கு. கையில் நிற்கும் 4 லட்சம் லாபம் அல்ல. நீங்களும் தம்பியும் கடையில் நிற்காவிட்டால் இரண்டு மேனேஜர் வேண்டும். தலைக்கு 40,000 என்றால் 80,000 போகிறது. ஃப்ரையர், டீப் ஃப்ரீசர், எக்ஸாஸ்ட், உள் அலங்காரம் எல்லாம் கடைக்கு 15 லட்சம் என்று வைத்து 5 ஆண்டில் மாற்ற வேண்டியிருந்தால் மாதம் 75,000 ஒதுக்க வேண்டும். மிச்சம் 2.45 லட்சம், ஆண்டுக்கு 29.4 லட்சம். கூட்டு நிறுவனமானால் வருமான வரி, செஸ் சேர்த்து 31.2 சதவீதம், ஏறக்குறைய 9.2 லட்சம். கடைசியில் உங்களுடையது சுமார் 20 லட்சம்.

அணியின் செலவு: கட்டணம் 12 லட்சம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2.16 லட்சம். நீங்கள் 5 சதவீத ஜிஎஸ்டியில் இருக்கும் உணவகம். வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) கழிக்க முடியாது. கடையின் பெயரில் ஒப்பந்தம் போட்டால் அந்த 2.16 லட்சம் முழுக்கச் செலவுதான். 18 வீரர்களுக்குச் சராசரி 25,000 என்றால் 4.5 லட்சம். பயிற்சியாளர், பிசியோ 1.5 லட்சம். 22 பேர் 25 நாள் தங்கிச் சாப்பிட, ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500 வீதம் 8.25 லட்சம், எல்லாரும் மறந்துவிடும் செலவு இதுதான். உடை, பை தலைக்கு 6,000 வீதம் 1.32 லட்சம். வேன் 1.25 லட்சம், காயத்துக்கான காப்பீடும் மருந்தும் 50,000. கூட்டினால் சுமார் 31.5 லட்சம். மூன்று கடையின் ஓராண்டு உழைப்பு முழுவதும் போட்டாலும் 11 லட்சம் துண்டு விழுகிறது. 20 லட்சம் கடனை 10 சதவீதத்தில் 5 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 42,500. லீக் இரண்டாம் ஆண்டு நின்றுபோனாலும் தவணை நிற்காது.

அதைவிட அவசரமானது நீங்கள் போகிற போக்கில் சொன்ன குறை. கடைக்குக் கடை ருசி மாறுகிறது என்றால் கிளை கொடுக்கும் நிலையில் தொழில் இன்னும் இல்லை. கிராக்குக்கும் இதே தலைவலி வந்தது. டெஸ் பிளெய்ன்ஸ் கடையில் சகோதரர்களின் முறைப்படியே செய்தும் ஃப்ரைஸ் கொழகொழத்தது. சான் பெர்னார்டினோவில் உருளைக்கிழங்கைக் கம்பிவலைத் தொட்டியில், வறண்ட காற்றுபட வைத்திருந்தார்கள்; நாள்பட அதன் ஈரம் வற்றி, சர்க்கரை மாவுச்சத்தாகியது. சகோதரர்களே அதைக் கவனித்ததில்லை. கிராக் நிலவறையில் மின்விசிறி வைத்துக் கிழங்கைப் பதப்படுத்திய பிறகே அந்த ருசி வந்தது. பின்னாளில் அவருடைய ஆட்கள் இன்னொன்றும் கண்டார்கள்: கூடையை இறக்கியதும் எண்ணெய்ச் சூடு எவ்வளவு விழுந்தாலும், விழுந்த இடத்திலிருந்து 3 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும்போது ஃப்ரைஸ் வெந்திருக்கும். அதற்கொரு கருவியே செய்தார்கள். மாஸ்டரின் கைப்பக்குவத்தை நம்பிய நாள் அத்தோடு முடிந்தது.

உங்கள் கடைகளில் ஃப்ரோசன் ஃப்ரைஸ் என்றால் இவற்றைப் பாருங்கள். பாக்கெட்டை வெளியே எடுத்து இளகவிடக் கூடாது. இளகிய நீர் எண்ணெய்ச் சூட்டை இறக்கி, ஃப்ரைஸ் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். 8 லிட்டர் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 1 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். கூட்ட நேரத்தில் கூடையை நிரப்புவதுதான் பெரும்பாலும் கடைக்குக் கடை வித்தியாசத்துக்குக் காரணம். எண்ணெயின் மொத்தத் துருவச் சேர்மம் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் கெட்டு உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் மாற்றியாக வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. அதை அளக்கும் சோதனை மீட்டரை மூன்று கடையிலும் தினம் ஒரே நேரத்தில் போட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சிக்கனுக்கு மசாலாவையும் ஊறவைக்கும் உப்புநீரையும் ஒரே இடத்தில் எடைபோட்டுக் கலந்து அனுப்புங்கள். ஒவ்வொரு கடையிலும் ஒருவர் கையளவில் உப்புப் போடும்வரை குறை தீராது.

லீக்கை அப்படியே விட வேண்டியதில்லை. அமைப்பாளரிடம் மைதான உணவு ஸ்டால் உரிமையைக் கேளுங்கள். அது உங்கள் தொழில், முதலும் குறைவு. கொள்ளளவைக் கணக்கிட்டுப் போங்கள். 8 லிட்டர் இரட்டைத் தொட்டி ஃப்ரையரில், பொரிக்க 3 நிமிடம், சூடு மீள 1 நிமிடம் என்றால் 20 நிமிட இடைவேளையில் 5 முறை போடலாம். தொட்டிக்கு 1 கிலோ வீதம் 10 கிலோ. பொரிந்தபின் ஏறக்குறைய 7 கிலோ. 100 கிராம் வீதம் 70 தட்டு, அவ்வளவுதான். முன்கூட்டியே பொரித்து வைக்கலாம் என்றால் 7 நிமிடத்துக்கு மேல் ஃப்ரைஸ் தளர்ந்துவிடும். 300 தட்டு ஓட வேண்டுமென்றால் ஃப்ரையரைக் கூட்ட வேண்டும், அல்லது முக்கிய விற்பனையைச் சூடாக வைத்தாலும் கெடாத சிக்கன் ரோல் பக்கம் திருப்ப வேண்டும். மெனு 4 அயிட்டத்தைத் தாண்ட வேண்டாம்.

இதற்கு மேலும் மனம் அணியில்தான் என்றால், முதல் பருவத்துக்கு வேறொருவரின் அணிக்கு சட்டை விளம்பரம் மட்டும் கொடுங்கள். கூப்பன் எண் அச்சிட்டு, எத்தனை பேர் அதைக் காட்டி வாங்குகிறார்கள் என்று கடையில் எண்ணுங்கள். அடுத்த ஆண்டு பேசும்போது உங்களிடம் சொந்தக் கணக்கு இருக்கும். அப்போதும் அணிக்குத் தனி எல்எல்பி (பங்குதாரரின் பொறுப்பு வரம்புக்குட்பட்ட கூட்டு நிறுவனம்), தனி வங்கிக் கணக்கு, தனி ஜிஎஸ்டி பதிவு. அந்த எல்எல்பி விளம்பரதாரரிடம் வசூலிக்கும் வரியில் லீக் கட்டணத்தின் 2.16 லட்சத்தைக் கழிக்க வழியுண்டு. உங்கள் ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்எல்பி வாங்கும் கடனுக்கு நீங்களோ தம்பியோ சொந்த ஜாமீன் போட்டால் பிரித்ததன் பயன் போய்விடும்.

லீக்கிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, முதலில் அங்கீகாரம். மாவட்டக் கிரிக்கெட் சங்கம், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் ஒப்புதல் தந்த கடிதம் கையில் இருக்கிறதா? 2007-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக்கில் ஆடிய வீரர்களுக்குத் தடை வந்தது. 2009-ல் லீக்கை விட்டு வந்த பிறகுதான் மன்னிப்பு கிடைத்தது. அங்கீகாரமில்லாவிட்டால் நல்ல பையன்கள் உங்கள் அணிக்கு வரவே பயப்படுவார்கள். பொது வருவாயில் அணிக்கு இத்தனை பங்கு என்று வாயால் சொன்னதெல்லாம் ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது? 8 அணி என்று சொல்லி 5 அணிதான் சேர்ந்தால் கட்டணம் குறையுமா? ஒரு பருவம் நடக்காவிட்டால் அந்த 12 லட்சம் திரும்புமா, அடுத்த ஆண்டுக்கு வரவு வைக்கப்படுமா? இரண்டாம் ஆண்டு நீங்கள் விலகினால் என்ன அபராதம்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வராமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

ஸ்டாலோ சட்டையோ, கடையின் பெயர் மைதானத்துக்குப் போகுமுன் அதை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய மனுப் போடுங்கள். உணவகச் சேவைக்கு 43-ம் வகுப்பு. தனிநபர், சிறு நிறுவனங்களுக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மூன்று கடை வைத்திருந்தும் இதுவரை செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். அதே பெயரில் வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு.